வயர் போனது, வயரின் வேலை போகவில்லை: கோட்லெஸ் மைக்கின் கதை



பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருக்கும் நேரம் வாசியுங்கள். பாடசாலை விழாவில் மைக் பிடிக்கிறவர், பள்ளிவாசலில் செட் பார்க்கிறவர், கீழே கதிரையில் இருந்து கேட்கிறவர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நற்பிட்டிமுனை என்று எந்தப் பக்கம் போனாலும் இன்று கோட்லெஸ் மைக் இல்லாத பாடசாலையைத் தேடத்தான் வேண்டும். பழைய மாணவர்கள் வாங்கித் தந்திருப்பார்கள், அல்லது வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் ஹதியாவாகக் கொடுத்திருப்பார். விழா தொடங்கிக் கால் மணித்தியாலத்தில் அது சண்டித்தனம் பண்ணும். உடனே அதன் தலையில் தட்டுவோம், ஊதுவோம், "ஹலோ, ஹலோ" என்போம். பிறகு மூலையில் கிடக்கும் பழைய வயர் மைக் வரும். செட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பொடியனுக்கு ஏச்சு விழும்.

இதில் யாருக்கு நட்டம் என்று யோசித்தால், அதிபருக்கோ பிரதம அதிதிக்கோ இல்லை. அவர்களுக்கு இரண்டாவது தடவையும் மைக் கிடைக்கும். தரம் ஐந்தில் படிக்கும் ஒரு பிள்ளை மூன்று நிமிடப் பேச்சை ஒரு மாதம் பாடமாக்கி, உம்மாவையும் வாப்பாவையும் முன்வரிசையில் இருத்திவிட்டு மேடையேறுகிறது. முதல் நிமிடம் கரகரப்பில் போகிறது, இரண்டாவது நிமிடம் மைக் மாற்றுவதில் போகிறது. பள்ளிவாசலிலும் இப்படித்தான். ஜனாஸா அறிவித்தலில் "இன்னாரின் மகன், இன்ன வீதியைச் சேர்ந்த" என்ற இடத்தில் குரல் அறுந்தால், மௌத்தானது யாரென்று தெரியாமல் ஊரே டெலிபோனைத் தூக்குகிறது.

பழுதாவது பெரும்பாலும் சாமான் இல்லை. வயர் என்ற ஒன்று என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம், அவ்வளவுதான். அது குரலைக் கொண்டுபோனது. அந்தக் குரலுக்கு மட்டும் என்று ஒதுக்கிய தனிப் பாதையாகவும் இருந்தது. பேசுகிறவரின் கையில் பற்றரி தேவைப்படாமலும் பார்த்துக்கொண்டது. வயரை வெட்டியதும் இந்த வேலைகள் காற்றுக்கும் பற்றரிக்கும் பிடிக்கிற கைக்கும் பிரிந்து போயின. அது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கதை.

மைக்குக்கு முந்திய காலத்திலிருந்து வருவோம். பள்ளிவாசல்களில் நகரா இருந்தது. தொழுகை நேரத்தையும் நோன்பு துறக்கும் நேரத்தையும் அதன் சத்தம்தான் ஊருக்குச் சொன்னது. முஅத்தின் உயரமான இடத்தில் ஏறி, காதில் கைவைத்துப் பாங்கு சொன்னார். நோன்பு மாதத்தில் பக்கீர் பாவா றபானைத் தட்டிக்கொண்டு ஸஹருக்கு வீதி வீதியாக எழுப்பினார். ஜமாஅத் பெரிதானால் நடு ஸஃப்பில் ஒருவர் முகப்பிராக நின்று, இமாமின் தக்பீரைப் பின்னால் இருப்போருக்காக உரத்துச் சொன்னார். மனிதன் மனிதனுக்குக் குரலைக் கைமாற்றிய ஏற்பாடு அது. இன்றும் தராவீஹின் நடுவில் கரண்ட் போனால் மேல்மாடியில் நிற்பவர்களுக்கு வேறு வழியில்லை. இந்த வழக்கத்தை நமது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

குரலை மின்சாரமாக்கும் வித்தை டெலிபோனுக்காக வந்தது. 1870களின் இறுதியில் எமில் பேர்லினர், எடிசன், டேவிட் ஹியூஸ் ஆகியோர் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு கரித்துகள் மைக்கைச் செய்தார்கள். ஆனால் அந்தக் குரல் ஒரு காதுக்குத்தான் போனது. அதை ஒரு கூட்டத்துக்குக் கேட்கச் செய்தவர்கள் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இரண்டு பொறியியலாளர்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நாபா என்ற சிறிய ஊரில் வேலை செய்தார்கள். அவர்கள் செய்த ஒலிபெருக்கிக்கு வைத்த பெயர் ‘மேக்னவாக்ஸ்’. லத்தீனில் பெருங்குரல் என்று அர்த்தம். 1915 டிசம்பர் 24 இல் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன்னால் அதைப் பகிரங்கமாக ஒலிக்கவிட்டார்கள். நான்கு வருடம் கழித்து, 1919 செப்டெம்பரில், ஜனாதிபதி வுட்ரோ வில்சன் சான் டியேகோ விளையாட்டரங்கில் 50,000 பேருக்கு மேல் இருந்த கூட்டத்தின் முன் பேசினார். அவரை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தித்தான் பேசவைத்தார்கள். உலகத்திலேயே பெரிய பதவியில் இருந்தவர் மைக்குக்காக ஒரு கூண்டுக்குள் போய் நின்றார்! மைக் இருக்கும் இடத்துக்கு மனிதன் போகவேண்டும் என்ற அந்தச் சட்டம் அதற்குப் பிறகு பல வருடம் மாறவில்லை.

நம் பக்கத்துக்கு அது இரண்டு வழியால் வந்தது. ஒன்று அரசியல். காந்தி, நேரு மேடையில் பேசும் பழைய படங்களைக் கவனித்துப் பாருங்கள். மைக்கில் ‘சிக்காகோ ரேடியோ’ என்ற பெயர்த்தகடு இருக்கும். அது அமெரிக்கக் கம்பனி இல்லை. மோட்வானி குடும்பத்தாரின் இந்தியக் கம்பனி. இன்னொரு வழி பள்ளிவாசல். சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் 1936 இல் ஒலிபெருக்கி பொருத்தினார்கள். பாங்குக்கு ஒலிபெருக்கி வைத்த முதற்பள்ளிகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள்.

அதோடு ஒரு பெரிய கேள்வியும் வந்தது. கூடுதலான வாதம் நடந்தது, தொழுகைக்குள் ஒலிபெருக்கி பாவிப்பது பற்றித்தான். ஒலிபெருக்கியிலிருந்து வருவது இமாமின் குரலா, அல்லது மலையில் பட்டுத் திரும்பும் எதிரொலி மாதிரி வேறொரு சத்தமா? இமாமின் குரல்தான் என்றால் பின்னால் நிற்பவர் இமாமைப் பின்பற்றுகிறார். வேறொரு சத்தம் என்றால், தொழுகைக்கு வெளியே இருக்கும் ஒரு பெட்டியைக் கேட்டு ருகூவுக்கும் சுஜூதுக்கும் போகிறார். தேவ்பந்த் மரபின் பெரிய ஆலிம் மௌலானா அஷ்ரப் அலி தானவி ஆரம்பத்தில் தொழுகையில் இதை ஏற்கவில்லை. அவருடைய மாணவர் வழியில் வந்த முப்தி முஹம்மத் ஷஃபீ இந்தக் கேள்விக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். விஞ்ஞானம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்து, தொழுகை பாழாகாது என்ற முடிவுக்கு வந்தார்.

அந்தக் காலத்து ஆலிம்கள் நவீன சாமானுக்குப் பயந்தார்கள் என்று நம் இளைஞர்கள் சிலர் இதைச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். சிரிக்க வேண்டியதில்லை. ஒரு விஞ்ஞான ஆசிரியர் வகுப்பில் கேட்கவேண்டிய முதல் கேள்வியைத்தான் அவர்கள் கேட்டார்கள். உண்மையில் என்ன நடக்கிறது? தொண்டையிலிருந்து வரும் காற்றின் அதிர்வு மைக்கின் மெல்லிய தகட்டில் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் போவது மின்னோட்டம். ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு அந்த மின்னோட்டத்துக்கேற்ப அசைந்து புதிதாகக் காற்றை அதிரச் செய்கிறது. கோட்லெஸ்ஸில் இன்னும் ஒரு படி கூடும். மின்னோட்டம் வானொலி அலையின் மேல் ஏறி, கொஞ்சத் தூரம் வயர் இல்லாமல் போய், அங்கே திரும்ப மின்னோட்டமாக இறங்குகிறது. இத்தனை கைமாறலில் எந்த இடத்தில் தடங்கினாலும் குரல் குரலாக வந்து சேராது. இதை விளங்கினால் மைக்கின் தலையில் தட்ட மாட்டோம்.

இலங்கையில் மைக்குக்கு முன்னால் பேசும் ஒழுங்கை நமக்குப் பழக்கியது வானொலி. எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களையும் சேர்த்துச் செய்த கருவியோடு பரீட்சித்துப் பார்த்தார். 1925 டிசம்பர் 16 இல் கொழும்பிலிருந்து ஒழுங்கான ஒலிபரப்பு தொடங்கியது. பிபிசி தொடங்கி அப்போது மூன்று வருடம்தான். பின்னாளில் வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் போன்றவர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு ஒரு சொல்லை மைக்கில் எப்படி வைப்பது என்று யாரும் தனியாகப் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை. மூச்சு கேட்காது, ‘ப’ வெடிக்காது, வசனத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படாது. இப்போது நம் அறிவிப்பாளர்கள் சிலர் மைக் கிடைத்தால் கத்துகிறார்கள். கத்துவதற்கு மைக் எதற்கு?

நம் ஊர்களில் நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு ‘மைக் செட்’ என்றால் ஒரு காட்சி ஞாபகம் வரும். தென்னை மரத்தில் கட்டிய ஹோர்ன், கரண்ட் இல்லாத இடத்தில் கார் பற்றரி, பந்தலில் ஒரு மேசை, அதன் மேல் அம்ப்ளிபயர், பக்கத்தில் யாரையும் தொடவிடாத ஒரு செட்காரர். மேடையில் மைக் ஒரு கம்பியில் நட்டமாக நிற்கும். பேசுகிறவர் அதனிடம் வருவார். சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள், 1981 இல் காத்தான்குடியில் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸை ஊர் ஊராகக் கொண்டுபோன காலத்தின் மேடைகள் அப்படிப்பட்டவைதான். 2000 செப்டெம்பர் 16 இல் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்து இத்தனை வருடமாகியும் அந்தக் குரலை ஞாபகம் வைத்திருப்போர் நம்மிடையே நிறையப் பேர். ஆனால் அந்த ஏற்பாட்டில் குரல் ஒரு பக்கமாகத்தான் போகும். மேடையில் இருக்கும் மைக் கீழே வராது. வயர் விடாது.

வயரை வெட்டிய முன்னோடிகளில் ஒருவரின் கதை சுவையானது. ரெஜ் மூர்ஸ் என்ற ஆங்கிலேயர் பனிச்சறுக்கு ஆடுபவர், வானொலிக் கருவிகளிலும் கைதேர்ந்தவர். 1949 இல் பிரைட்டன் நகரில் ‘அலாவுதீன்’ கதையைப் பனியின் மேல் நாடகமாகப் போட்டார்கள். சறுக்கிக்கொண்டு ஓடுகிற நடிகரின் காலுக்குள் வயர் எப்படி இழுபடும்? மூர்ஸ் ஒரு சிறிய வானொலிப் பரப்பியைச் செய்து, கதையின் சூனியக்காரன் அபனாசரின் உடுப்பில் ஒளித்து வைத்தார். அது நன்றாக வேலை செய்தது. ஆனால் அவர் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. காரணம், அவர் பாவித்தது 76 மெகாஹேர்ட்ஸ் மீடிறனை. அதைப் பாவிக்க அவருக்கு அனுமதி இருக்கவில்லை. காப்புரிமை கேட்டுப் போனால் களவு வெளியே வந்துவிடும். அந்தச் சாமானை 1972 இல் லண்டன் விஞ்ஞான நூதனசாலைக்குக் கொடுத்தார்.

கவனித்தீர்களா? வயர் போன ஆரம்ப காலத்திலேயே காற்று யாருடையது என்ற பிரச்சினை வந்துவிட்டது. வயர் உங்கள் சொந்தப் பாதை. காற்று எல்லோருக்கும் பொதுவானது. வானொலி அலைகள் பொதுச்சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995 இல் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் தெளிவாகவே சொன்னது. இலங்கையில் வானொலி மீடிறன்களைப் பங்கிட்டுக் கவனிக்கும் பொறுப்பு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் இருக்கிறது. 1991 இன் 25 ஆம் இலக்கச் சட்டமும் அதன் பின்னைய திருத்தமும் அதற்கு அடிப்படை. நம் மேசையில் இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டியும் இந்தப் பொதுச்சொத்தில் ஒரு துண்டைக் கடன் வாங்கித்தான் பேசுகிறது.

மூர்ஸுக்குப் பிறகு கம்பனிகள் இறங்கின. அமெரிக்காவின் ஷூர் கம்பனி 1953 இல் ‘வேகபொண்ட்’ என்ற செட்டை விற்றது. பெயருக்கு நாடோடி என்று அர்த்தம். ஆனால் அந்த நாடோடி 15 அடிக்கு அப்பால் போக முடியாது. 1957 இல் ஜெர்மனியில் சென்ஹைசர் கம்பனி, வட ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தோடு சேர்ந்து ‘மைக்ரோபோர்ட்’ செய்தது. அதன் தூரம் 300 அடி வரை நீண்டது. 1960 இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கான இரண்டு கட்சிகளின் மாநாடுகளிலும், தொலைக்காட்சி நிருபர்கள் வயர் இல்லாத மைக்கோடு மண்டபத்துக்குள் நடந்து போய் ஆட்களிடம் கேள்வி கேட்டார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் பெரிய திருப்பம் இதுதான். வில்சனின் கூண்டிலிருந்து 41 வருடம். மைக்கிடம் மனிதன் போன காலம் முடிந்து, மனிதனிடம் மைக் போகத் தொடங்கியது.

இரண்டு கோளாறுகள் மிச்சமிருந்தன. ஒன்று இரைச்சல். வானொலி வழியில் குரலோடு ஒரு ‘ஸ்ஸ்’ சத்தமும் வரும். மெல்லப் பேசினால் அதுதான் மேலே கேட்கும். 1976 இல் ஜோன் நேடி இதற்கொரு வழியைக் கொண்டுவந்தார். அனுப்பும் இடத்தில் குரலின் ஏற்ற இறக்கத்தை நெருக்கிச் சுருக்குவது, வாங்கும் இடத்தில் பழையபடி விரிப்பது. பஞ்சு மெத்தையைச் சுருட்டி ஓட்டோவில் ஏற்றி வீட்டில் விரிக்கிற மாதிரி. இரண்டாவது கோளாறு, நடக்கும்போது குரல் திடீரென்று அறுந்து, ஒரு அடி தள்ளி வைத்தால் திரும்பி வருவது. வானொலி அலை சுவரிலும் தகரக் கூரையிலும் பட்டுத் தெறித்து, நேராக வந்த அலையோடு மோதிச் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். நமது தகரக் கூரை மண்டபங்கள் இதற்கென்றே கட்டியவை போல இருக்கும்! இதற்குத்தான் ரிசீவரில் இரண்டு அன்டனா. ஒன்று இருட்டில் நின்றால் மற்றது பிடிக்கும். அழகுக்காக இரண்டு வைக்கவில்லை. ஒன்று முறிந்துபோனாலும் மற்றது இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

இந்தச் சாமான் விலை குறைந்து நம் கைக்கு வந்தபோது, முதலில் பாட்டுக்காரருக்கும் அறிவிப்பாளருக்கும்தான் உபயோகப்பட்டது. நான் பெரிதாக நினைப்பது அதையல்ல. பெண்கள் பகுதியை நினைக்கிறேன். ஒரு மார்க்க மஜ்லிஸில் பெண்கள் கேள்வி கேட்கவேண்டுமென்றால், கடதாசித் துண்டில் எழுதித் திரைக்கு அப்பால் அனுப்புவார்கள். மௌலவி துண்டை வாசித்துப் பதில் சொல்வார். பதிலில் சந்தேகம் வந்தால் அடுத்த துண்டு. நேரம் முடிந்துவிடும். ஒரு மைக்கைத் திரைக்கு அந்தப் பக்கம் கொடுத்த இடங்களில், கேள்வி கேட்ட உம்மாமார் பதிலைக் கேட்டுவிட்டு "அப்படியென்றால் இதற்கு என்ன?" என்று தொடர்ந்து கேட்பதை நான் கண்டிருக்கிறேன். பெற்றோர் கூட்டத்திலும் பின்வரிசையில் இருக்கும் தாய்க்கு மைக் போனால்தான் பிள்ளையின் உண்மையான நிலைமை வெளியே வருகிறது. இன்றும் பல இடங்களில் துண்டுதான் ஓடுகிறது. இரண்டு மைக் இருக்கும், இரண்டும் மேடையில் இருக்கும்.

ஒலி கூடினால் வேறொரு கேள்வியும் கூடும். அதையும் நம் சமூகம் நீதிமன்றத்தில் சந்தித்திருக்கிறது. வெலிகமையில் ஒரு ஜும்ஆப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாகப் போன அடிப்படை உரிமை வழக்கில், 2007 நவம்பர் 9 இல் உச்ச நீதிமன்றம் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில் கட்டளையிட்டது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80 ஆம் பிரிவின் கீழ் அனுமதி தேவை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை அனுமதி கொடுக்கக்கூடாது. மற்ற நேரத்திலும் சத்தம் அந்த வளவைத் தாண்டக்கூடாது. விசேட நிகழ்வு என்றால் அயலில் குடியிருப்போரின் கருத்தைக் கேட்டறிய வேண்டும். எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாகச் சொன்ன கட்டளை இது. சுப்ஹு பாங்கு நம் பக்கத்தில் வருடம் முழுக்க 6 மணிக்கு முன்னர்தான் என்பதால் இது நமக்கு எவ்வளவு நுட்பமான விடயம் என்று சொல்லத் தேவையில்லை. பாங்கு இரண்டு மூன்று நிமிடத்தில் முடிகிறது. அதற்காக நாம் கேட்கும் விட்டுக்கொடுப்பை, இரவு 11 மணிக்கு வெளி ஹோர்னில் பயான் போட்டு நாமே செலவழித்துவிடுகிறோம். உள்ளே இருப்பவர்களுக்கான பேச்சுக்கு உள் ஸ்பீக்கர் போதும். கல்முனை தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வீதியில் வாழும் ஊர். கோயில் திருவிழாச் சத்தத்தைப் பற்றி நாம் முணுமுணுக்கும் அதே வாயால் இதையும் பேசவேண்டும். பரீட்சைக் காலத்தில் படிக்கிற பிள்ளை எந்த வீட்டிலும் இருக்கிறது.

காற்றிலும் நெருக்கடி கூடியது. கோட்லெஸ் மைக்குகள் பல வருடமாகத் தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு இடையில் வெறுமையாக இருந்த இடத்தில் வாடகையில்லாமல் குடியிருந்தன. கைப்பேசி வந்ததும் உலகம் முழுக்க அந்த இடத்துக்குக் கேள்வி கூடியது. அமெரிக்காவில் 2010 ஜூன் 12 உடன் 700 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் கோட்லெஸ் மைக்குகளைத் தடை செய்தார்கள். 2020 ஜூலை 13 உடன் 600 இன் பெரும் பகுதியும் போனது. அங்கே பாவிக்க முடியாமல் போன செட்கள் மலிவாக மற்ற நாடுகளுக்குப் போய்ச் சேருவது இயல்பு. "அமெரிக்க மைக், அரை விலை" என்று யாராவது சொன்னால் முதலில் அதன் மீடிறனைக் கேளுங்கள். அடுத்தது, 2.4 கிகாஹேர்ட்ஸ் என்று எழுதிய சின்ன மலிவு மைக்குகள். அது வைஃபையும் புளூடூத்தும் பாவிக்கும் அதே இடம். வகுப்பறைக்கு நல்லது. 500 பேர் கைப்பேசியோடு நிறையும் பரிசளிப்பு விழாவுக்கு அதை நம்பிப் போகாதீர்கள். காலையில் வெறும் மண்டபத்தில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது என்பீர்கள். காலையில் அந்த 500 கைப்பேசி அங்கே இல்லை.

இனி விழாவன்று செய்யவேண்டியது. ரிசீவரை மேடைக்குக் கிட்டவே வையுங்கள். மைக்கிலிருந்து பார்த்தால் அன்டனா தெரியவேண்டும். மேசைக்கு அடியில், இரும்பு அலுமாரிக்குள், எல்ஈடி திரைக்கு முதுகில் வைத்தால் அது குருடாகும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர் என்பதால் முன்வரிசை ஆட்களும் அலையைக் குடிப்பார்கள். அதனால் ரிசீவர் தலை மட்டத்துக்கு மேலே இருந்தால் நல்லம். இரண்டு அன்டனாவையும் ஆங்கில ‘வி’ மாதிரி விரித்துவிடுங்கள்.

அம்ப்ளிபயரில் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ரிசீவரைப் போடுங்கள். மைக்கைப் போட முன்னர் ரிசீவரின் விளக்கைப் பாருங்கள். மைக் அணைந்திருக்கும்போதே சிக்னல் விளக்கு எரிந்தால், அந்த மீடிறனில் வேறு யாரோ இருக்கிறார்கள். பக்கத்துக் கல்யாண மண்டபமாகவும் இருக்கலாம். வேறு சனலுக்கு மாறுங்கள். தானாகத் தேடும் பொத்தான் இருந்தால் அதை அமர்த்தி, பிறகு மைக்கை ரிசீவரின் கண்ணுக்கு நேரே பிடித்து இரண்டையும் ஒரே சனலுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு ரிசீவர் சனலில் ஒரு நேரத்தில் ஒரு மைக்தான் பேசும். ஒரே மீடிறனில் இரண்டைப் போட்டால் இரண்டும் சண்டை பிடிக்கும்.

மூன்று நான்கு மைக் பாவிக்கும்போது ஒரு கணக்கு இருக்கிறது. 600 இலும் 602 இலும் இரண்டு மைக் ஓடினால், அவை தங்களுக்குள் கலந்து 598 இலும் 604 இலும் நிழல்களை உண்டாக்கும். மூன்றாவது மைக்கை ஒழுங்காக இரண்டு இரண்டாகக் கூட்டி 604 இல் வைத்தால், நிழலுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். சம இடைவெளி கடதாசியில் அழகாக இருக்கும், இங்கே அதுதான் பிழை. கம்பனி தரும் ‘குரூப்’ அட்டவணை இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுத்தான் தருகிறது. எல்லா மைக்கையும் ஒரே குரூப்பிலிருந்து எடுங்கள்.

ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து நிற்கவேண்டும். மைக்கைப் பிடித்தவர் ஸ்பீக்கருக்கு முன்னால் இறங்கி நடந்தால் அது ஊளையிடும். ஸ்பீக்கரில் வந்தது திரும்ப மைக்குக்குள் போய், இன்னும் பெருத்து வெளியே வந்து, திரும்பவும் போகிற வட்டம் அது. ஊளை வந்ததும் நம்மவர்கள் செய்வது மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்துவது. அது கூட்டும். அந்தத் தலை முன்னாலிருந்து வருவதைக் கூடுதலாகவும் பின்னாலிருந்து வருவதைக் குறைவாகவும் எடுக்கும்படி செய்தது. பொத்தினால் அந்தப் பிரிவினை கெட்டு எல்லாப் பக்கமும் திறந்துவிடும். அதேபோல அடிவாலையும் பிடிக்காதீர்கள். அநேக மைக்குகளில் அன்டனா அங்கேதான் இருக்கிறது. நடுவில் பிடியுங்கள். வாயிலிருந்து நான்கு விரல் தூரம், கொஞ்சம் சரிவாக. சின்னப் பிள்ளைகள் மைக்கைத் தொப்புளுக்கு நேரே பிடிப்பார்கள், அல்லது ஐஸ்கிரீம் மாதிரி வாய்க்குள் வைப்பார்கள். மேடையில் ஏறிய பிறகு திருத்தினால் பிள்ளை பேச்சை மறந்துவிடும். வகுப்பிலேயே அதே கனமுள்ள ஒன்றைக் கொடுத்துப் பழக்குங்கள். நான் தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்கிறேன்.

பற்றரி. விழாவுக்குப் புதுச் சோடி. அல்கலைன் ஒன்று 1.5 வோல்ட், திரும்பச் சார்ஜ் ஏற்றுவது 1.2 வோல்ட். அதனால் இரண்டாவது வகையைப் போட்டால், நிறைய இருக்கும்போதே விளக்கு குறைவாகக் காட்டக்கூடும். பழையதையும் புதியதையும் கலக்கவேண்டாம். பேச்சாளர் மாறும் இடைவெளியில் மைக்கை அணைத்து அணைத்துப் போடுவதும் வேண்டாம். போட்டபடியே இருக்கட்டும், சத்தத்தைச் செட்டில் குறையுங்கள். செட் பார்க்கிற பொடியனுக்கு நிகழ்ச்சி நிரலின் ஒரு பிரதியைக் கொடுங்கள். யார் எப்போது பேசுவார் என்று தெரியாமல் அவன் எப்படி மைக்கைத் திறப்பான்? ஏச்சு வாங்குகிற வேலைக்கு இந்தக் கடதாசியாவது கொடுக்க வேண்டாமா?

ஒரு வயர் மைக்கை எப்போதும் செட்டில் கொழுவி, வேலை செய்கிறதா என்று பார்த்து, மேடையின் ஓரத்தில் வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய மேடைகளிலும் வைக்கிறார்கள்.

விழா முடிந்ததும் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். அடுத்த விழா வரும்வரை உள்ளே கிடந்தால் ஒழுகி, பச்சை பூத்து, தொடுபுள்ளியைத் தின்றுவிடும். ரிசீவரின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மீடிறன் இலக்கத்தையும், இந்த முறை எந்தக் குரூப், எந்தச் சனல் நன்றாக வேலை செய்தது என்பதையும் ஒரு துண்டில் எழுதிப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். இடமாற்றம் கிடைத்துப் போகிற நம்மைப் போன்றவர்களுக்குப் பிறகு, அந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறவர் வேறொருவர்.